சின்ன ஒன்லைன் யோசனைகளுக்கு ஆக்கவுரிமை கொடுக்கலாமா? படகு முன்பதிவை வைத்துக் கதைப்போம்

#1 உப்புவெளி_செயலி

திருகோணமலை நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் போகிற படகுகளுக்கான ஒன்லைன் முன்பதிவு மென்பொருள் ஒன்று தயாராகிறது. படகுக்காரர் பக்கத்திலிருந்து வருகிற முதல் கேள்வி, "இதுக்குப் பேட்டண்ட் எடுத்தாச்சா? எடுத்தா வேற ஆக்கள் செய்ய ஏலாதுதானே?" என்பதுதான். எனவே கேள்வி இரண்டு. இலங்கைச் சட்டப்படி இதற்கு ஆக்கவுரிமை (பேட்டண்ட்) கிடைக்குமா? சட்டம் எப்படி இருந்தாலும், இப்படியான யோசனைக்கு அதைக் கொடுப்பது சரியா?

பொதுவாகக் கதைத்தால் பேச்சு எங்கேயோ போய்விடும். அதனால் கிளெய்ம் ஒன்றை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் சொல்கிற பகுதியை, எழுதிப் போடுகிறேன். வரி வரியாகப் பிரித்துப் பாருங்கள்.

"படகு ஆசனம் ஒதுக்கும் முறை: (அ) பயணியின் பெயர், கைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை முன்கூட்டியே சேர்வரில் சேமித்து வைத்தல், (ஆ) பயணி ஒரே ஒரு தட்டலில் படகையும் நேரத்தையும் உறுதிசெய்தல், (இ) சேர்வர் ஆசனத்தை ஒதுக்கி வட்ஸ்அப்பில் செய்தி அனுப்புதல், (ஈ) கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை வந்தால் அந்த நடையின் பட்டியல் முழுவதையும் தானாக மறுநாளுக்கு மாற்றுதல் அல்லது காசைத் திருப்புதல்."

#2 சம்பந்தர்_வீதி

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: கிடைக்காது.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் 62ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். தொழில்நுட்பத் துறையில் உள்ள குறிப்பிட்ட ஒரு பிரச்சினைக்கு நடைமுறையில் தீர்வு தருகிற கருத்துத்தான் அங்கே கண்டுபிடிப்பு. அதே பிரிவு சிலவற்றை வெளியே தள்ளுகிறது. கணித முறைகள் அதில் வரும். வியாபாரம் செய்வதற்கான திட்டங்கள், விதிகள், முறைகளும் வரும். (ஈ) முழுக்க முழுக்க வியாபார விதி. "கடல் சரியில்லை என்றால் நாளைக்கு வாங்கோ" என்று தொலைபேசியில் சொல்வதைத்தான் சேர்வர் சொல்கிறது.

வியாபார முறை என்ற தடையைத் தாண்டினாலும் அடுத்தது புதுமை. அது இலங்கைக்குள் மட்டும் பார்க்கிற விசயமல்ல. உலகத்தில் எங்கே வெளியாகியிருந்தாலும் கணக்கில் வரும். (அ)வும் (ஆ)வும் சேர்ந்தால் அப்படியே அமேசனின் ஒரு-கிளிக் ஆக்கவுரிமை: அமெரிக்க இலக்கம் 5,960,411, விண்ணப்பம் 1997 செப்டெம்பர், வழங்கியது 1999 செப்டெம்பர். வாங்குபவரின் விவரம் ஏற்கனவே சேர்வரில் இருக்கும். ஒரே செயலில் ஓடர் போகும். கூடைப் பக்கம் இடையில் வராது. அது 2017 செப்டெம்பரிலேயே காலாவதி. இப்போது யாரும் தாராளமாகப் பாவிக்கலாம். ஆனால் யாரும் அதைப் புதிதாகச் சொந்தம் கொண்டாட ஏலாது.

(இ) எல்லா முன்பதிவுத் தளமும் செய்கிறது. நாலையும் ஒன்றாகச் சேர்த்ததுதான் புதுமை என்று வாதாடலாம். அப்போது கண்டுபிடிப்புப் படிநிலை குறுக்கே நிற்கும். இந்தத் துறையில் சாதாரணத் தேர்ச்சியுள்ள ஒருவருக்கு அந்தச் சேர்க்கை இயல்பாகத் தோன்றுமா என்பதுதான் சோதனை. தோன்றும்.

நீங்கள் எழுதிய நிரலுக்குப் பாதுகாப்பு வேறு வழியில் ஏற்கனவே இருக்கிறது. அதே சட்டம் கணினி நிரலைப் பதிப்புரிமைக்குள் வைத்திருக்கிறது. எழுதின கணத்திலேயே உரிமை வந்துவிடும், பதிவு தேவையில்லை.

#3 கிண்ணியா_நிரலன்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கொடுக்கக் கூடாது என்பது என் முடிவு. "சின்ன யோசனைதானே" என்பது எனக்குக் காரணமே இல்லை. காரணம் கொடுக்கல் வாங்கலில் இருக்கிறது.

ஆக்கவுரிமை ஒரு பண்டமாற்று. கண்டுபிடித்தவர் இரகசியத்தை வெளியே சொல்கிறார். பதிலுக்குச் சமூகம் 20 வருடத் தனியுரிமை கொடுக்கிறது. ஒரு மருந்தை எப்படிச் செய்வது, ஓர் உலோகக் கலவையை எந்தச் சூட்டில் பதப்படுத்துவது என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாது. ஒன்லைன் யோசனை அப்படியல்ல. தளத்தைத் திறந்தவுடனே யோசனை முழுக்க வெளியே வந்துவிடுகிறது. ஒரு தட்டலில் ஆசனம் கிடைக்கிறது என்று பார்த்த எந்த நிரலரும் ஒரு வாரத்தில் அதை எழுதுவார், ஆவணம் வாசிக்கத் தேவையே இல்லை. அப்படியென்றால் 20 வருடத்துக்குப் பதிலாகச் சமூகத்துக்கு என்ன கிடைத்தது?

இதைவிடப் பெரிய பிரச்சினை: பதிப்புரிமையில் "நான் பார்த்து எழுதவில்லை, நானாகவே எழுதினேன்" என்பது போதுமான பதில். ஆக்கவுரிமையில் அது பதிலே அல்ல. மற்றவரைக் கேள்விப்படாமலே அதே முடிவுக்கு வந்தவரும் மாட்டுவார். சின்ன யோசனைகள் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குத் தோன்றும் இயல்புடையவை. கொழும்பில் ஒருவர், சென்னையில் ஒருவர், மூதூரில் ஒருவர், எல்லாரும் நேர்மையாகவே ஒன்றை எழுதியிருப்பார்கள். முதலில் விண்ணப்பித்தவர் மட்டும் உரிமையாளர், மற்றவர்கள் எல்லாரும் மீறியவர்கள்.

இன்னொன்று. உப்புவெளி எழுதின கிளெய்மில் உண்மையான வேலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கடைசி ஆசனத்துக்கு இரண்டு பேர் ஒரே நொடியில் தட்டினால்? "இடம் இருக்கிறதா" என்று முதலில் வாசித்து, பிறகு எழுதினால் இரண்டு பேருக்கும் "ஆம்" போகும். கடற்கரையில் ஒரே ஆசனத்துக்கு இரண்டு குடும்பம் நிற்கும். படகு, நேரம், ஆசன இலக்கம் மூன்றையும் சேர்த்து டேட்டாபேஸில் தனித்துவக் கட்டுப்பாடு போட்டால், இரண்டாவது பதிவை டேட்டாபேஸே நிராகரிக்கும். சிக்னல் மோசமான இடத்தில் நின்று ஒருவர் மூன்று தரம் தட்டுவார். ஒவ்வொரு கோரிக்கையோடும் கைபேசி உருவாக்கிய ஒரு தனி இலக்கத்தை அனுப்பி, அதே இலக்கம் திரும்ப வந்தால் பழைய பதிலையே கொடுக்க வேணும். இல்லையென்றால் காசு மூன்று முறை வெட்டுப்படும். பணம் கட்டும் பக்கத்தில் ஆள் பாதியில் விட்டுப் போனால் ஆசனத்தை எத்தனை நிமிடம் பிடித்து வைப்பது? 10 நிமிடம் என்று வைத்தால், 11ஆவது நிமிடத்தில் வங்கியிலிருந்து "காசு வந்துவிட்டது" என்ற செய்தி வருகிற நிலையை எழுதினீர்களா?

கஷ்டம் முழுக்க இதில்தான். இதில் ஒரு வரிகூடக் கிளெய்மில் இல்லை. பரிசு அந்த நாலு வரிக்கு, உழைப்பு வேறிடத்தில்.

#4 கோணேசபுரி_கணினி

கிண்ணியா நானாவின் முடிவோடு பாதிதான் ஒத்துப்போக முடியும். "சின்னது", "இலகுவானது" என்பவை நல்ல அளவுகோல் இல்லை. கண்டுபிடித்த பிறகு எல்லாமே இலகுவாகத்தான் தெரியும். ஆர்.எஸ்.ஏ. மறைகுறியாக்க முறையைப் பாருங்கள். இரண்டு பெரிய பகா எண், ஒரு பெருக்கல், ஓர் அடுக்கு, ஒரு மீதி. அரைத் தாளில் எழுதலாம். 1977இல் எம்.ஐ.டி.யில் அது வரும்வரைக்கும் வெளியுலகத்தில் யாரிடமும் இருக்கவில்லை. இன்றைய ஒன்லைன் வங்கி முறை வளர்ந்ததே அந்த அடித்தளத்தில்தான். அதை ஒரு-கிளிக்கோடு ஒரே தராசில் வைக்கக் கூடாது.

கோட்டை "மென்பொருளா, இல்லையா" என்ற இடத்தில் கீறாமல், "கணினியின் வேலை மேம்படுகிறதா, அல்லது பழைய வியாபாரத்தைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்களா" என்ற இடத்தில் கீற வேணும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014 ஜூன் 19இல் அலிஸ் வழக்கில் ஒருமனதாகச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். இரண்டு தரப்புக்கு நடுவில் ஒருவர் நின்று கொடுக்கல் வாங்கலைத் தீர்த்துவைப்பது பழைய வழக்கம்; அதைச் சாதாரணக் கணினியில் செய்ததால் மட்டும் கண்டுபிடிப்பாகிவிடாது. அதற்குப் பிறகு 2016இல் என்ஃபிஷ் வழக்கு வந்தது. தன்னைத்தானே விவரிக்கும் ஒரு தரவு அட்டவணை, கணினியின் சேமிப்பையும் தேடலையும் மாற்றியமைக்கிறது என்பதால் அது தப்பியது. ஐரோப்பிய ஆக்கவுரிமை உடன்படிக்கையின் 52ஆம் உறுப்புரையும் நிரலை "நிரல் என்ற அளவில்" மட்டும்தான் விலக்குகிறது. இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவிலும் அதே போக்கு.

உப்புவெளியின் மென்பொருளுக்குள்ளேயே இந்தக் கோட்டின் மறுபக்கம் வரக்கூடிய ஒன்று இருக்கிறது. படகு கரையை விட்டு எட்டப் போனால் டேட்டா சிக்னல் விட்டுவிட்டு வரும். படகின் இருப்பிடத்தை மிகக் குறைந்த பைட்டுகளில் சுருக்கி எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பினால், அது தொழில்நுட்பப் பிரச்சினைக்குத் தொழில்நுட்பத் தீர்வு. 62ஆம் பிரிவின் வரைவிலக்கணத்துக்குள் அது வரும் என்று வாதிட இடமுண்டு.

#5 கிண்ணியா_நிரலன்

நல்ல உதாரணம். கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஓர் எஸ்.எம்.எஸ்.ஸின் கொள்ளளவு 140 பைட். பைனரியாக, குறிப்பிட்ட போர்ட்டுக்கு அனுப்பினால் தலைப்புக்கு 7 பைட் போகும்; மிச்சம் 133. அகலாங்கில் 0.00001 பாகை என்பது ஏறத்தாழ 1.1 மீற்றர். உலகம் முழுவதையும் குறிக்கத் தேவையில்லை. வடக்கு 8.30, கிழக்கு 81.00 என்ற ஒரு தென்மேற்கு மூலையை நிரந்தரமாக வைத்து, அதிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை மட்டும் 16 பிற்றில் (2 பைட்டில்) எழுதினால் 65,536 படி, அதாவது 0.655 பாகை, சுமார் 72 கிலோமீற்றர். மூதூர், திருகோணமலை, நிலாவெளி, புறாமலை எல்லாம் உள்ளே வந்துவிடும். அகலாங்குக்கு 2 பைட், நெட்டாங்குக்கு 2, முந்திய புள்ளியிலிருந்து கழிந்த நேரத்துக்கு 10 நொடி அலகில் 1. ஒரு புள்ளிக்கு 5 பைட். தொடக்கத்தில் படகு இலக்கத்துக்கு 1, ஆரம்ப நேரத்துக்கு 4. பிழை பார்க்க 2. மிச்சம் 126 பைட்டில் 25 புள்ளி. 2 நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு செய்தியில் 50 நிமிடப் பயணம்.

எங்கே பிழைக்கும் என்பதையும் சொல்லவேணும். படகு வடக்கே புல்மோட்டைப் பக்கம் போனால் இந்த 72 கிலோமீற்றர்ப் பெட்டியின் வடக்கு விளிம்பைத் தொடும். எண் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பி, வரைபடத்தில் படகு 72 கிலோமீற்றர் தெற்கே குதிக்கும். 65,535ஐ "எல்லைக்கு வெளியே" என்று ஒதுக்கிவைத்து, அந்த இலக்கம் வந்தால் அடுத்து முழு ஆள்கூறு வரும் என்று விதி வைக்க வேணும். செய்திகள் வரிசை மாறி வரும். அதனால்தான் ஒவ்வொன்றிலும் ஆரம்ப நேரம் முழுசாக இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், இது கண்டுபிடிப்பா? கப்பல்களின் ஏ.ஐ.எஸ். கருவி நெட்டாங்கை 28 பிற்றிலும் அகலாங்கை 27 பிற்றிலும் அடைத்து, 168 பிற்றுக்குள் முழு இருப்பிட அறிக்கையையும் அனுப்புகிறது. துறைமுகத்துக்குள் வருகிற பெரிய சரக்குக் கப்பல்கள் அதை ஒலிபரப்பிக்கொண்டுதான் வருகின்றன. நிலையான மூலையிலிருந்து அளப்பது நில அளவையில் காலம் காலமாக இருப்பது. வித்தியாசத்தை மட்டும் அனுப்புவது பழைய சுருக்கல் வழி. தொழில்நுட்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் தேர்ச்சியுள்ள எவரும் 140 பைட் என்ற எல்லையைக் கேட்டதும் இதே இடத்துக்குத்தான் வருவார். கோணேசபுரி சொல்கிற கோடு வியாபார முறைகளை வடிகட்டும். இயல்பாகத் தோன்றுகிறவற்றை அது வடிகட்டாது. அந்த வேலையை ஆக்கவுரிமை அலுவலகத்தின் பரிசோதகர்தான் செய்ய வேணும். அவருக்கு ஒரு கோப்புக்குக் கிடைக்கிற நேரமும் குறைவு. பழைய மென்பொருள் நுட்பங்களில் பெரும்பகுதி ஆக்கவுரிமை ஆவணங்களிலேயே இல்லை. அவை மூலநிரலிலும் கையேடுகளிலும் கிடக்கின்றன, அங்கே தேடுவது குறைவு.

#6 சீனக்குடா_டெவ்

இங்கே கிடைக்காது என்றவுடன் நிம்மதியாக இருக்க ஏலாது. திருகோணமலையிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதுகிறவர்கள் கனபேர். ஆக்கவுரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது என்பது உண்மை, ஆனால் பார்க்க வேண்டியது நிரலர் எங்கே இருக்கிறார் என்பதை அல்ல, பாவனை எங்கே நடக்கிறது என்பதை. பிளக்பெரி செய்த ரிம் நிறுவனத்துக்கு எதிரான என்.ரி.பி. வழக்கில் செய்தி கடத்தும் சேர்வர் கனடாவில் இருந்தது. கட்டுப்பாடும் பயனும் அமெரிக்காவில்தான் என்று 2005இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. கட்டமைப்பைப் பற்றிய கிளெய்ம்கள் அதனால் நின்றன. செயல்முறையைப் பற்றிய கிளெய்ம்கள் மட்டும்தான் விழுந்தன.

சின்னவர்களைக் குறிவைக்கிற தொழிலே நடந்தது. 2011இல் லொட்சிஸ் என்ற நிறுவனம் ஐபோன் செயலி எழுதுகிற தனியாட்களுக்குக் கடிதம் அனுப்பியது. செயலிக்குள் "மேம்படுத்து" பொத்தான் வைத்ததற்காக அமெரிக்க வருமானத்தில் 0.575 சதவீதம் கேட்டது. வீதம் சின்னனாகத் தெரியும், வேணுமென்றுதான் அப்படி வைத்தார்கள். வழக்காடினால் மில்லியன் டொலர் கணக்கில் போகும் இடத்தில் அதைக் கட்டிவிட்டுப் போவது மலிவு. எம்.பி.எச்.ஜே. என்ற இன்னொரு நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆவணத்தை ஸ்கேன் பண்ணி மின்னஞ்சலில் அனுப்புகிற சிறு வியாபாரங்கள் 16,000க்கு மேல், ஊழியர் ஒருவருக்கு 1,000 டொலர் அளவில் கேட்டுக் கடிதம். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு தலையிட்டபிறகுதான் அது அடங்கியது.

கடிதம் வந்தால் முதல் நாளே பதில் எழுத வேண்டாம். இலக்கத்தைக் கூகிள் பேட்டண்ட்ஸில் போட்டுப் பாருங்கள். ஆனால் அங்கே காட்டுகிற நிலை ஒரு கணிப்புத்தான். அமெரிக்க ஆக்கவுரிமை அலுவலகத்தின் தளத்தில் உறுதிசெய்ய வேணும். வழங்கி 3½, 7½, 11½ வருடங்களில் பராமரிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் உரிமை போய்விடும். அடுத்தது, விளக்கப் பகுதியை வாசித்துப் பயப்படாமல் சுயாதீனக் கிளெய்ம்களை (வேறொரு கிளெய்மைச் சார்ந்திராமல் தனியே நிற்பவற்றை) மட்டும் எடுங்கள். ஒவ்வொரு உறுப்பையும் இடப்பக்கம் எழுதி, உங்கட மென்பொருளில் அது எங்கே இருக்கிறது என்று வலப்பக்கம் எழுதுங்கள். ஓர் உறுப்பு இல்லையென்றால் நேரடி மீறல் இல்லை. பிழைவிடுகிற இடம் இதுதான்: தலைப்பையும் சுருக்கத்தையும் வாசித்துவிட்டு "இது நம்மட செயலியேதான்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். தலைப்புக்குச் சட்டப் பெறுமதி கிடையாது.

அமேசனோடு போட்டியிட்ட புத்தக நிறுவனம் பான்ஸ் அன்ட் நோபிள் செய்ததும் இதைத்தான். 1999 டிசெம்பரில் அமேசன் ஒரு-கிளிக் ஆக்கவுரிமையை வைத்து அவர்களுக்கு எதிராகத் தடையுத்தரவு வாங்கியது. "ஒரே செயல்" என்பது கிளெய்மின் உயிர் என்பதால் இன்னொரு கிளிக்கைச் சேர்த்து வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். 2001 பெப்ரவரியில் மேன்முறையீட்டில் தடை நீங்கியது, 2002இல் சமரசம்.

#7 உப்புவெளி_செயலி

சட்டம் விளங்குகிறது. ஆனால் ஒரு நியாயமான பயம் மிச்சமிருக்கிறது. கொழும்பில் காசுள்ள நிறுவனம் ஒன்று இதைப் பார்த்து ஒரு மாதத்தில் அப்படியே செய்து, இலவசமாகக் கொடுத்தால் இங்கே உள்ளவர் என்ன செய்வது? ஆக்கவுரிமை வேண்டாம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லத்தான் வேணும்.

#8 சம்பந்தர்_வீதி

சொல்ல வேண்டிய கேள்விதான், தம்பி.

முதலில், ஆக்கவுரிமை கையில் இருந்தாலும் அதை நடைமுறைப்படுத்துவது நீங்களேதான். பொலிஸ் தானாக வந்து பிடித்துக் கொடுக்காது. கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்து, தொழில்நுட்பச் சாட்சி கூட்டிப்போய், தவணைக்குத் தவணை சட்டத்தரணிக்குக் கட்ட வேணும். எதிர்த்தரப்பின் முதல் வேலை உங்கள் ஆக்கவுரிமையே செல்லாது என்று வாதிடுவது. ஒரு-கிளிக் மாதிரியான கிளெய்ம் என்றால் அந்த வாதம் வெல்லும். காசுள்ள நிறுவனத்துக்கு எதிராக உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்கிற ஆயுதம், காசுள்ளவர் கையில்தான் நன்றாக வேலை செய்கிறது.

உங்களிடம் உண்மையில் இருப்பவை வேறு. செயலியின் பெயரையும் சின்னத்தையும் வியாபாரக் குறியாகத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியுங்கள். 10 வருடம், பிறகு புதுப்பிக்கலாம். "புறாமலை படகு முன்பதிவு" மாதிரி வெறுமனே விவரிக்கிற பெயர் பதிவில் நிற்காது, தனித்துவமான பெயர் தேவை. நிரலையும் திரை வடிவமைப்பையும் படங்களையும் அப்படியே பிரதியெடுத்தால் பதிப்புரிமை இருக்கிறது. ஆனால் நிரல் எழுதியவர் சுயாதீனமாக வேலை செய்தவர் என்றால், உரிமை உங்களுக்குக் கைமாறியது என்று கையொப்பமிட்ட எழுத்து இருக்க வேணும். காசு கொடுத்ததனால் மட்டும் உரிமை வந்துவிட்டது என்று எண்ணுவதில்தான் பல வேலைகள் பின்னர் சிக்கலாகின்றன. எந்த மாதத்தில் எந்த நேரத்துக்கு எவ்வளவு கேள்வி, எந்தப் படகு எத்தனை தரம் இரத்தாகிறது என்ற தரவு உங்கள் சேர்வருக்குள் மட்டும் இருப்பது. அதை வெளியிடப்படாத தகவல் என்று சட்டத்தின் 160ஆம் பிரிவு பாதுகாக்கும். ஆனால் நீங்கள் அதை இரகசியமாக வைத்திருக்க நடவடிக்கை எடுத்திருக்க வேணும். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால் அந்த வாதம் நிற்காது.

ஒரு காலக்கணக்கும் கவனம். உண்மையிலேயே ஆக்கவுரிமைக்குத் தகுதியான ஒன்று ஒருநாள் கிடைத்தால், இலங்கையில் விண்ணப்பத்துக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் நீங்களே வெளியிட்டது புதுமையைக் கெடுக்காது. அமெரிக்காவிலும் ஒரு வருடம். ஐரோப்பாவில் அந்தச் சலுகை இல்லை. முகநூலில் ஒரு செய்முறை வீடியோ போட்ட அன்றே அங்கே கதவு மூடிவிடும்.

#9 கோணேசபுரி_கணினி

கிண்ணியா நானாவின் எஸ்.எம்.எஸ். கணக்கை ஏற்கிறேன். ஏ.ஐ.எஸ். இருக்கும்போது அதற்குக் கண்டுபிடிப்புப் படிநிலை காட்டுவது கஷ்டம்.

ஆனாலும் "மென்பொருளுக்கு ஒன்றுமே வேண்டாம்" என்ற இடத்துக்கு வரமாட்டேன். நியூசிலாந்து 2013 சட்டத்தில்கூட நிரல் என்ற அளவில் உள்ளதைத்தான் விலக்கினார்கள். சலவை இயந்திரத்தை நன்றாக ஓடவைக்கிற கட்டுப்பாட்டு முறை நிரலாக இருந்தாலும் உள்ளே வரலாம். அந்த நிதானம் சரியானது.

பிழையாகத் தெரிவது காலமும் நேர்மையும். எல்.இசட்.டபிள்யூ. சுருக்கல் முறையை எடுங்கள். 1983இல் விண்ணப்பித்தார்கள். 1984இல் ஒரு கணினிச் சஞ்சிகையில் முறை முழுசாக வெளிவந்தது. அதை வாசித்தவர்கள் பொதுச் சொத்து என்று எண்ணி எழுதினார்கள், 1987இல் கொம்பியூசேர்வின் ஜிஃப் பட வடிவமும் அதில்தான் வந்தது. இணையம் முழுக்க ஜிஃப் பரவியபிறகு, 1994 டிசெம்பரில்தான் அந்த ஆக்கவுரிமையை வைத்திருந்த யுனிசிஸ் நிறுவனம் கட்டணம் என்று அறிவித்தது. நல்ல கண்டுபிடிப்புத்தான், ஆனால் எல்லாரும் அதன்மேல் வீடு கட்டி முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு வாடகை கேட்டது அநியாயம். அதற்கு மாற்றாகத்தான் பி.என்.ஜி. பட வடிவம் பிறந்தது. அமெரிக்க ஆக்கவுரிமை 2003 ஜூனில் முடிந்தது.

எனவே என் நிலைப்பாடு: வியாபார முறையும் திரைப் பழக்கமும் முற்றாக வெளியே. உண்மையான கணினி மேம்பாட்டுக்குக் கொடுக்கலாம், ஆனால் 20 வருடம் மென்பொருளில் நாலைந்து தலைமுறை. 5 அல்லது 7 வருடம் போதும். சுயாதீனமாகக் கண்டுபிடித்தவரை மீறியவராக நடத்தக் கூடாது. உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் உடன்படிக்கை 20 வருடத்தைக் கட்டாயமாக்கியிருப்பதால் முதலாவது இலகுவில் நடக்காது என்பதும் தெரியும்.

#10 கிண்ணியா_நிரலன்

சுயாதீனமாகக் கண்டுபிடித்தவருக்கு விலக்கு என்ற ஒன்றைக் கொடுத்தாலே என் எதிர்ப்பில் முக்கால்வாசி போய்விடும். அது இல்லாத வரைக்கும் கதவை மூடிவைப்பதுதான் சரி. 2005 ஜூலை 6ஆம் திகதி ஐரோப்பிய நாடாளுமன்றம் மென்பொருள் ஆக்கவுரிமைப் பணிப்புரையை 648க்கு 14 என்று தள்ளியதற்கு, சின்ன நிறுவனங்களும் நிரலர்களும் சேர்ந்து நின்றதும் ஒரு காரணம். எங்கட சட்டத்தின் 62ஆம் பிரிவை யாராவது "நவீனப்படுத்த" வந்தால் இங்கேயும் அப்படி நிற்க வேணும்.

#11 சீனக்குடா_டெவ்

அதுவரைக்கும் கையில் உள்ள வழி தற்காப்பு வெளியீடு. நீங்கள் ஆக்கவுரிமை எடுக்கப்போவதில்லை, வேறொருவரும் எடுக்கக் கூடாது என்றால் விவரத்தைப் பகிரங்கமாக, திகதியோடு வெளியிடுங்கள். அந்த எஸ்.எம்.எஸ். வடிவத்தை எடுத்தால்: எந்த பைட்டில் என்ன, மூலையின் ஆள்கூறு, நிரம்பினால் என்ன, பிழைச் சோதனை எப்படி, ஓர் உதாரணச் செய்தியும் அதை விரித்தால் வருகிற 25 புள்ளிகளும். தேர்ச்சியுள்ள ஒருவர் வாசித்து அப்படியே செய்யக்கூடிய அளவுக்கு இருக்க வேணும். "சுருக்கி அனுப்புகிறோம்" என்ற ஒற்றை வரி எதையும் தடுக்காது. வேறு வழிகளையும் எழுதுங்கள்: 16க்குப் பதில் 20 பிற், எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பதில் லோரா என்ற நீண்டதூர வானொலி முறை. எழுதாமல் விட்ட வேறுபாட்டை இன்னொருவர் கிளெய்ம் பண்ணலாம்.

நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கிற கிட் (Git) களஞ்சியத்தில் போட்டால் மட்டும் போதாது. கொமிட் (மாற்றப் பதிவு) திகதியை யாரும் மாற்றலாம், தனியார் களஞ்சியம் வெளியீடே அல்ல. பகிரங்கப் பக்கமாக வைத்து அன்றே இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கிற வேபேக் மெஷினில் சேமியுங்கள். மூன்றாந்தரப்புத் திகதி அதில் கிடைக்கும். ஆங்கிலத்திலும் ஒரு பிரதி வைத்தால் நல்லது, அமெரிக்கப் பரிசோதகர் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களில்தான் தேடுவார்.

நிரலுக்குத் திறந்தமூல உரிமம் போடும்போது எம்.ஐ.டி. உரிமமா அப்பாச்சி 2.0 உரிமமா என்று கேட்பார்கள். அப்பாச்சியில் பங்களிப்பவர் தன் ஆக்கவுரிமையையும் பாவிக்க அனுமதிக்கிறார் என்று வெளிப்படையாக இருக்கிறது; அந்த மென்பொருள் தங்கள் ஆக்கவுரிமையை மீறுகிறது என்று வழக்குப் போடுகிறவருக்கு அந்த அனுமதி இரத்தாகும். எம்.ஐ.டி.யில் ஆக்கவுரிமை என்ற சொல்லே இல்லை. படகுக்காரர் சங்கம், நிரலர், வெளியாள் என்று பலர் கைவைக்கிற வேலைக்கு அப்பாச்சிதான் பொருத்தம்.

#12 உப்புவெளி_செயலி

கடைசியாக ஒன்று. வெளிநாட்டு ஹோட்டல் முகவர் ஒருவருக்கு இதே மென்பொருளை விற்கிற ஒப்பந்தத்தில் "எந்தப் புலமைச் சொத்துக் கோரிக்கை வந்தாலும் முழு நட்டத்தையும் வழங்குநர் ஏற்பார்" என்று இருக்கிறது. கையொப்பமிடலாமா?

#13 சம்பந்தர்_வீதி

அப்படியே வேண்டாம். இவ்வளவு நேரம் கதைத்த ஆபத்து முழுவதையும் அந்த ஒரு வரி உங்கள் தலையில் இறக்கிவிடுகிறது. லொட்சிஸ் மாதிரி ஒருவர் முகவருக்குக் கடிதம் போட்டால் அமெரிக்கச் சட்டத்தரணியின் கட்டணம் உப்புவெளிக்கு வரும்.

நாலு மாற்றம் கேளுங்கள். "எந்தக் கோரிக்கையும்" என்பதை "பதிப்புரிமை மீறல், மற்றும் வழங்குநர் அறிந்தே செய்த ஆக்கவுரிமை மீறல்" என்று சுருக்குங்கள். பொறுப்பின் உச்சம் அந்த ஒப்பந்தத்தில் உங்களுக்குக் கிடைத்த மொத்தத் தொகை. முகவர் கேட்டுச் சேர்த்த வசதியாலோ அவர் வேறு மென்பொருளோடு இணைத்ததாலோ வருகிற கோரிக்கைக்கு நீங்கள் பொறுப்பில்லை. கோரிக்கை வந்தால் அந்தப் பகுதியை மாற்றி எழுதவோ, நீக்கி அதற்குரிய காசைத் திருப்பவோ உங்களுக்கு உரிமை இருக்க வேணும். உங்களுக்குச் சொல்லாமல் அவர் சமரசம் செய்ய முடியாது என்பதையும் அதோடு சேர்த்து எழுதுங்கள்.

முதல் இரண்டுக்கும் அவர் மறுத்தால், அமெரிக்கப் பாவனையாளருக்கு வழங்குவதை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதற்கும் சம்மதிக்காவிட்டால் அந்த வேலையை விடுங்கள்.